'புரிஞ்சுதா?' என்பது கேள்வியா?

எம்.எட். சேரப் போகிறேன் என்றதும் மாமா கேட்ட முதல் கேள்வி: "அதுக்கு இன்கிரிமென்ட் உண்டாம்மா?"

அவர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மேல்படிப்பு முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும். அதற்காகவே ஐம்பது வயதில்கூடத் தபால் வழியில் எம்.ஏ. எழுதியவர்கள் அவருடைய நட்பு வட்டத்தில் உண்டு. 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்திவிட்டது. அப்படியே இருந்திருந்தாலும் எனக்கு ஒரு பயனும் இல்லை. நான் தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். இல்லை என்றேன். "அப்ப டி.ஆர்.பி.க்கு உதவுமா?" என்றார். டி.ஆர்.பி. நடத்தும் அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் போதும், இரண்டும் என்னிடம் இருக்கின்றன என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அத்தைதான் அடுப்படியிலிருந்து, "வாத்தியாருக்கே வாத்தியாராகப் போறாளாம்" என்று முடித்து வைத்தார்.

அத்தை சொன்னதுதான் சரியான விளக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க பி.எட். போதும். பி.எட். படிப்பவர்களுக்குப் பாடம் எடுக்கத்தான் எம்.எட். அதோடு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றோ பி.எச்டி.யோ இருந்தால்தான் கல்லூரி வேலை. அந்த வேலையும் சில சுயநிதிக் கல்லூரிகளில் பள்ளிச் சம்பளத்தைவிடக் குறைவு என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஏன் சேர்ந்தேன்? உண்மையைச் சொன்னால், அலுத்துப் போயிருந்தது. எட்டு வருடம் ஒரே அத்தியாயங்கள், ஒரே கணக்குகள். கொரோனாவில் பாதிச் சம்பளத்துக்கு போனைப் பார்த்துப் பாடம் எடுத்ததில் மிச்சமிருந்த ஆசையும் போயிற்று. 34 வயதில் இரண்டு வருடம் மாணவியாக உட்காரலாம் என்று தோன்றியது. 'நான் பார்த்துக்கறேன், நீ படி' என்று என் கணவரும் சொன்னார். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

இரண்டு வருடம் என்பதே பலருக்கு ஆச்சரியம். முன்பெல்லாம் எம்.எட். ஓராண்டுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014ஆம் ஆண்டு விதிகளால் 2015-16 முதல் பி.எட்., எம்.எட். இரண்டும் இரண்டாண்டாயின. இப்போது மறுபடி ஓராண்டு எம்.எட். கொண்டுவரும் வரைவை 2025இல் வெளியிட்டிருக்கிறார்கள். நான் சரியாக நடுவில் மாட்டிக்கொண்ட தலைமுறை.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ். காசில்லாத டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் முதல் வகுப்பு போய்விடும், மற்ற பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். மாதக் கடைசியில் முதல் வகுப்பைப் பெரும்பாலும் தியாகம் செய்தேன்.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எம்.எட். பாடத்தில் கல்விக் குழுக்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டும். 1952-53 இடைநிலைக் கல்விக் குழு, தலைவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். பி.எட்.டிலேயே இதை உருப்போட்டு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதே முதலியார்தான் 1947இல், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, வசதி உள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். அங்கிருந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். அந்த வருடமே கலைக் கல்லூரி வந்துவிட்டது. 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பல்கலைக்கழகம் 1985இல். இது தெரிந்த பிறகு முதலியார் குழுவின் பரிந்துரைகளை மனப்பாடம் செய்ய எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. பேருந்தில் தெரிந்தவர் ஒருவருடைய பரிந்துரை மாதிரி ஆகிவிட்டது.

முதல் செமஸ்டர் முழுக்கக் கல்விச் சிந்தனையாளர்களின் பெயர்கள்தான். ரூசோ, டூயி, தாகூர், பியாஜே, வைகாட்ஸ்கி. வகுப்பில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் மடமடவென்று எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் விரல் வலிக்கும். போர்டில் எழுதிப் பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. இந்தப் பகுதியைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தேர்வு எழுதினேன், பாஸானேன்.

எனக்கு எம்.எட். என்றால் அது ஒரு பயிற்சிதான், அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஒருவர் வகுத்தது. ஃபிளாண்டர்ஸ். பி.எட். படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். பல இடங்களில் அது ரெக்கார்டு நோட்டில் மட்டும் நடக்கிற பயிற்சி. சீனியருடைய ரெக்கார்டைப் பார்த்து எண்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கையெழுத்து வாங்குவது. பி.எட்.டில் நானும் அதைத்தான் செய்தேன்.

விஷயம் இதுதான். வகுப்பறையில் நடக்கும் பேச்சை ஃபிளாண்டர்ஸ் பத்து வகையாகப் பிரித்தார். முதல் ஏழு ஆசிரியரின் பேச்சு: மாணவரின் உணர்வை ஏற்பது 1, பாராட்டுவது 2, மாணவர் சொன்ன கருத்தை எடுத்துப் பயன்படுத்துவது 3, கேள்வி கேட்பது 4, விளக்குவது 5, 'நோட்டை எடு, எழுது' என்று கட்டளையிடுவது 6, கண்டிப்பது 7. கேட்டதற்கு மாணவர் பதில் சொன்னால் 8, தானாகப் பேசினால் 9. அமைதியோ குழப்பமோ 10. மூன்று நொடிக்கு ஒருமுறை அந்த நேரத்தில் என்ன நடக்கிறதோ அதன் எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். நிமிடத்துக்கு 20 எண். அதன் பிறகு பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு, எந்த எண்ணுக்குப் பின் எந்த எண் வந்தது என்று நிரப்ப வேண்டும்.

எங்கள் மேடம் ஒரே நிபந்தனை போட்டார். வேறு யாருடைய வகுப்பையும் போய்ப் பார்க்கக் கூடாது. அவரவர் எடுக்கும் பாடத்தைப் பதிவு செய்து, அவரவரே எண் போட வேண்டும்.

பழைய பள்ளியில் என் இடத்துக்கு வந்திருந்த டீச்சரிடம் கேட்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பீரியட் வாங்கினேன். காரணிப்படுத்துதல். பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள் எவை என்று தேடி நடு உறுப்பைப் பிரிக்கிற கணக்கு. எட்டு வருடமாக எடுத்த பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எடுப்பேன். போனை ஜன்னல் திட்டில், சாக்பீஸ் டப்பாவில் சாய்த்து வைத்தேன். அருமையான வகுப்பு என்றே நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பிள்ளைகள் சத்தமாகப் பதில் சொன்னார்கள், சிரித்தார்கள், மணி அடித்தபோது கணக்கு முடிந்திருந்தது.

இரவு மகள் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு எண் போட உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் நடு இருபது நிமிடம் மட்டும். நானூறு எண். முதல் ஐந்து நிமிடத்தைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று நொடி என்பது கேட்கும்போது சின்னது, எண் போடும்போது பெரியது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு. என் குரலை நானே கேட்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவு கீச்சென்று பேசுகிறேனா!

மறுநாள் மேடத்திடம் தாளை நீட்டினேன். கேள்விகள் 64. நானூற்றில் 64 கேள்வி, நல்ல டீச்சர்தானே என்று எனக்குள் ஒரு பெருமை. அவர் போனை வாங்கி இரண்டு நிமிடம் கேட்டார்.

"இந்த 'புரிஞ்சுதா?' எல்லாத்தையும் 4ல போட்டிருக்கீங்களே, ஏன்?"

"கேள்விதானே மேடம்?"

"கேட்டப்ப பதில் வரும்னு எதிர்பார்த்தீங்களா? ஒரு பையன் எழுந்து 'புரியல மிஸ்'னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

நான் பேசவில்லை. ஃபிளாண்டர்ஸ் விதியில் அது தெளிவாகவே இருக்கிறது. மாணவர் பதில் சொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடு கேட்டால்தான் 4. பதிலை எதிர்பார்க்காமல் பேச்சோடு பேச்சாகக் கேட்பது 5, அதாவது விளக்கவுரையின் ஒரு பகுதி. புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வருவது அந்த வகை என்று தோன்றவே இல்லை.

எண்ணிப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் 23 'புரிஞ்சுதா?'. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மொத்த வகுப்பும் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது மிஸ்". 23ஐயும் 4லிருந்து 5க்கு மாற்றினேன். கேள்விகள் 41 ஆயின, விளக்கம் 247 ஆயிற்று. கட்டளை 38, பாராட்டு 11, கண்டிப்பு 6. எல்லாம் சேர்த்து நானூற்றில் 343 என் குரல். பிள்ளைகள் பதில் சொன்னது 46, அதில் பாதி அந்தக் கோரஸ். ஒரு வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் யாராவது பேசுகிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் பேசுகிறார் என்று ஃபிளாண்டர்ஸே சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கை நான் எப்போதோ தாண்டிவிட்டிருந்தேன்.

1க்கு நேரே பூஜ்யம். 3க்கு நேரேயும் பூஜ்யம். 9 இரண்டே இரண்டு. ஒன்று, "மிஸ், வெளிய போகட்டா?" இன்னொன்று, "மிஸ், அந்த எடத்துல மைனஸ் வரணும்." நான் போர்டில் குறியைத் தப்பாகப் போட்டிருந்தேன், அந்தப் பெண் சொல்லித்தான் திருத்தினேன். அதற்கு நான் சொன்ன பதிலும் பதிவில் இருக்கிறது: "சரி சரி, உட்காரு." நன்றி இல்லை, நல்லா கவனிச்ச என்றுகூட இல்லை. அதை மட்டும் நாலைந்து முறை ஓட்டிக் கேட்டேன்.

அப்புறம் மேடம் இன்னொரு வேலை கொடுத்தார். உண்மையான கேள்விகள் 41 இருக்கின்றன இல்லையா, ஒவ்வொன்றிலும் கேள்வி முடிந்து அடுத்த சத்தம் வரும் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதைத்தான் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடி ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நான் அளக்க முயன்றேன். பெரும்பாலான இடங்களில் அளக்கவே முடியவில்லை, இடைவெளியே இல்லை. கேள்வி முடியும் முன்னாலேயே ஒரு பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்ட பெயர்களையும் எழுதிப் பார்த்தேன். நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஐந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஐந்தும் முதல் இரண்டு பெஞ்ச்.

இதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று துள்ளினேன். முப்பது டீச்சர்களின் வகுப்பைப் பதிவு செய்து காத்திருப்பு நேரத்தை அளக்கலாம் என்று திட்டம். என் கைடு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். முப்பது பள்ளியில் அனுமதிக் கடிதம், முப்பது பதிவு, ஒவ்வொன்றையும் எண்ணாக்க மூன்று நான்கு இரவு. "இது பி.எச்டி.ம்மா. எம்.எட்.டுக்கு டைம் பத்தாது." அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன்.

கடைசியில் எல்லாரையும் போல வினாநிரல். எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கணக்குப் பயம். ஐந்து நிலை அளவுகோல், முழுதும் ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து சிறிதும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வரை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி முன்னோட்டத்துக்கு ஒரு பள்ளிக்குப் போனேன். முதல் வாக்கியம்: 'கணிதத் தேர்வின்போது எனக்குப் பதற்றம் ஏற்படுகிறது.' ஒரு பையன் கையைத் தூக்கி, "பதற்றம்னா என்ன மிஸ்?" என்றான். விளக்கினேன். "ஓ, வயித்தக் கலக்குமே அதுவா?" என்றான். வீட்டுக்கு வந்ததும் அந்த வாக்கியத்தை மாற்றினேன்: 'பரீட்சை அன்று காலையில் கணக்கை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.' மொத்த வினாநிரலிலும் பிள்ளைகள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் டிக் அடித்தது அதற்கு மட்டும்தான்.

தாள்களைத் திரும்ப வாங்கும்போது வேடிக்கைகள் உண்டு. ஒருவன் எல்லாவற்றுக்கும் 'நடுநிலை' போட்டு, மேலிருந்து கீழ் வரை இறங்கிய அந்த டிக் வரிசையைத் தண்டவாளமாக்கி அதன் மேல் ஒரு ரயிலும் வரைந்திருந்தான். அந்தத் தாளைக் கழித்துவிட்டேன், ஆனால் தூக்கிப் போடவில்லை.

வினாநிரல் எவ்வளவு சீராக அளக்கிறது என்று காட்டும் நம்பகத்தன்மைக் கெழுவைப் பார்த்தபோது வயிறு கலங்கியது எனக்கு. 0.7க்கு மேல் வர வேண்டியது, 0.31. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: 'எனக்குக் கணக்குப் பிடிக்கும்' மாதிரியான வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும், அதை மறந்துவிட்டேன். ஒன்பது வாக்கியங்கள். மாற்றிப் போட்டதும் 0.78. கணக்கு டீச்சர்! கடைசி முடிவு, மாணவர் மாணவியரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, அட்டவணை மதிப்பு 1.96, 'வேறுபாடு இல்லை' என்ற இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது. தங்க எழுத்து போட்டு பைண்டிங் செய்து கொடுத்தேன். மாமா அதை ஒரு வாரம் டீப்பாய் மேல் வைத்திருந்தார், வருகிறவர்கள் கண்ணில் படும்படி.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு பி.எட். கல்லூரிக்குப் போய் நுண்ணிலைக் கற்பித்தலை மேற்பார்வை பார்த்தோம். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நம் ஊரில் ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து, பன்னிரண்டு நிமிடம் மறுதிட்டம், மறுபடி ஆறும் ஆறும், ஆக 36 நிமிடம். ஒருவர் பாடம் எடுக்க, சக பயிற்சி மாணவிகள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். கையில் கல்யாண மோதிரத்தோடு ஒரு பெண் "டீச்சர், டீச்சர், நான் சொல்றேன்" என்று கையை ஆட்டியதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாடம் எடுத்த பெண் நன்றாகவே எடுத்தாள். ஆறு நிமிடத்தில் ஒன்பது 'புரிஞ்சுதா?'. நான் பதினொன்று வரை எதிர்பார்த்தேன். கருத்துச் சொல்லும் நேரத்தில் அதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் என் பழைய தாளை அவளிடம் காட்டினேன். 23ஐப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

இப்போது வேறொரு மெட்ரிக் பள்ளியில் இருக்கிறேன். கல்லூரி வேலை கிடைக்கவில்லை. நெட் இரண்டு முறை எழுதியாயிற்று, மூன்றாம் முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'புரிஞ்சுதா?' இன்னும் போகவில்லை, குறைந்திருக்கிறது. வாயில் வந்துவிட்டால் விழுங்கிவிட்டு, "இப்ப நான் சொன்னதை நீ சொல்லு" என்று யாரையாவது கேட்கிறேன். பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. பழைய கோரஸ் அவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பு. பெருக்கினால் 12, கூட்டினால் 7, என்னென்ன எண்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன். முதல் பெஞ்சில் மூன்று கைகள் உடனே எழுந்தன, அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஃபேன் சத்தம் மட்டும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், பக்கத்துப் பையனிடம், ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு: "மிஸ்ஸுக்கு மறந்து போச்சுடா."

வகுப்பு மொத்தமும் சிரித்தது, நானும்தான். சிரிப்பு அடங்குவதற்குள் நடு வரிசையில் ஒருவன் எழுந்து, "6, 1 மிஸ்" என்றான். ஜூன் மாதத்திலிருந்து அவன் குரலை நான் கேட்டதே இல்லை. எப்படி யோசிச்ச என்றேன். "கூட்டுனா 7 வர்ற ஜோடிய மொதல்ல எழுதிக்கிட்டேன் மிஸ். 6ம் 1ம், 5ம் 2ம்... இருங்க மிஸ், 4ம் 3ம்!" நான் எப்போதும் பெருக்கலில் தொடங்கித்தான் சொல்லித் தருவேன். அடுத்த கணக்கை அவன் வழியில் போர்டில் போட்டேன்.

அன்று போனில் பதிவு செய்யவில்லை. செய்திருந்தால் அந்த இடத்தில் ஒரு 3 விழுந்திருக்கும். 'மிஸ்ஸுக்கு மறந்து போச்சுடா' என்றதற்கு 9 போடுவதா, 10 போடுவதா என்றுதான் தெரியவில்லை. மேடத்துக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும்.